மயிற்பொறியும் அதனைச் செய்த கைகளும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் மேகத்தைக் காண எப்போதும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பல விடியல்களில் அது காலடிப் பள்ளத்தாக்கில் படிந்து கிடக்கும். வெயில் ஏறியதும் மெல்ல எழுந்து, தேயிலைச் செடிகளை நனைத்துக்கொண்டே சரிவில் ஏறும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பயிலும் தமிழ் மாணாக்கனுக்கு, மேகத்தைப் பிளந்து மேலெழும் ஒரு பறவையைக் கற்பனை செய்வது அரிய செயலன்று. ஆதலின், சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறிப் பகுதி இம்மலைச்சாரலில் படிக்கப்படும்போது தனித்ததொரு தெளிவு பெறுகிறது.

ஆயினும் தமிழ் வகுப்பறைகளிலும் விழா மேடைகளிலும் அப்பகுதி பெரும்பாலும் ஒரே பயனுக்கே எடுத்தாளப்படுகிறது. மேலைநாட்டார் வானூர்தி காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் அதனைக் கண்டுவிட்டனர் என்று பேச்சாளர் முழங்குவார், அவையோர் கைதட்டுவர், அத்துடன் மயில் பறந்து மறைந்துவிடும். இப்பெருமிதத்தால் நேரும் இழப்புகள் இரண்டு. காப்பியம் உண்மையில் சொல்வது செவியில் விழாமல் போவது ஒன்று. ஒரு பொறியைச் செய்தல், செலுத்தல், பேணல் ஆகிய மூன்றும் எத்தகைய உழைப்பு என்பது மாணாக்கனுக்குத் தெரியாமலே போவது மற்றொன்று. திருத்தக்கதேவர் இம்மூன்றையும் எங்ஙனம் அணுகினார் என்று காண்பதே அவருக்குச் செய்யும் நேரிய மதிப்பாகும்.

வரமாக வந்த வான்வழி

வான்வழிச் செலவு தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுமிடத்து, பாகன் எவனும் செலுத்தாமலே செல்லும் விண்ணூர்தி ஒன்றைச் சுட்டுகிறார். தம் கடமைகளைச் செய்து முடித்தோர் எய்தும் பேறு அது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனோடு வானூர்தி ஏறி விண்ணகம் புகுகிறாள். அவ்வூர்தி அவளது கற்பின் பயனாக வந்தது. மணிமேகலை வான்வழியே செல்வது மணிமேகலா தெய்வம் அருளிய மந்திரத்தின் ஆற்றலால். கம்பனின் காப்பியத்தில் இராமன் இலங்கையிலிருந்து அயோத்திக்கு மீள்வது புட்பக விமானத்தில். அது குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்த தெய்வப் பொருள்.

இவை யாவும் உயர்ந்த கற்பனைகள். எனினும் இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றுள் எதனையும் மனிதக் கை செய்யவில்லை. இவற்றைச் செலுத்த எவரும் பயிலவில்லை. இவை பழுதுபடுமோ என்ற அச்சமும் எவர்க்கும் எழவில்லை. அறத்தால், மந்திரத்தால், வரத்தால், அல்லது வலிமையால் பெறப்பட்டவை இவை. இப்பின்னணியில் வைத்து நோக்கினால்தான் சிந்தாமணியின் மயில் எத்துணை வேறானது என்பது விளங்கும்.

ஏழு நாள் வேலை

ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், ஆட்சிப் பொறுப்பை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, அரசி விசயையின் அன்பிலேயே ஆழ்ந்து கிடந்தவன். ஓரிரவு விசயை கனவு காண்கிறாள். அசோக மரம் ஒன்று வீழ்கிறது. அதனடியிலிருந்து முளை ஒன்று முடியோடும் எட்டு மாலைகளோடும் எழுகிறது. முளை பிறக்கவிருக்கும் மகன் என்றும், மாலைகள் அவனை மணக்கவிருக்கும் மகளிர் என்றும் மன்னன் பொருள் கூறுகிறான். வீழ்ந்த மரம் தானே என்பதும் அவனுக்குப் புரிகிறது. அதன் பின்னரே அவன் தச்சனை நாடுகிறான்.

அத்தச்சன் எவற்றைக் கொண்டு மயிலைச் செய்தான் என்பதைத் திருத்தக்கதேவர் ஒரு பட்டறைப் பட்டியலைப்போல அடுக்கிக் கூறுகிறார். துணிக் கிழிகள், பிசின், நூல், நல்ல அரக்கு, மெழுகு, இவையல்லாத பிற பொருள்கள் என்று அப்பட்டியல் நீள்கிறது. வேலை முடிய ஏழு நாள் ஆயிற்று என்ற கணக்கும் உண்டு. பொன்னும் மணியும் முன்னே வந்து நிற்கும் காப்பிய உலகில், தெய்வத்தன்மை சிறிதும் இல்லாத இப்பொருள்கள் இடம்பெற்றமை வியப்பிற்குரியது. ஒவ்வொன்றும் அங்காடியில் வாங்கக்கூடியது. ஒவ்வொன்றும் கைவினைஞன் விரல் அறிந்தது.

இப்பட்டியலைக் கண்டு இன்று வீட்டுப் பட்டறையில் சிறு வானூர்தி செய்வோர் புன்முறுவல் பூப்பர்; அவர்களுக்கு இது அயலான பொருள்வரிசையன்று. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணற்பரப்பில் பன்னிரண்டு நொடி பறந்த ரைட் உடன்பிறந்தார் ஊர்தியின் சிறகுகள், மரச்சட்டத்தின்மேல் பருத்தித் துணி போர்த்தவையே. பின்வந்த ஊர்திகளில் சிறகுத் துணியின்மேல் ஒருவகை மெருகுப்பூச்சு பூசப்பட்டது. அது காயும்போது துணி இறுகி, காற்றும் நீரும் புகாத தோலாகிவிடும். அத்துணியைச் சிறகின் விலாச்சட்டங்களோடு பிணைத்துத் தைக்க மெழுகிட்ட நூல் பயன்பட்டது. துணி, பூச்சு, நூல், மெழுகு என்ற வரிசை ஏறக்குறைய முழுமையாக இங்கு மீண்டும் வந்துவிடுகிறது.

காலம் மாறியும் இவ்வரிசை அடியோடு அழியவில்லை. 1975இல் அமெரிக்கரான பர்ட் ரூட்டன் வடிவமைத்துப் பறக்கவிட்ட வேரி ஈசி என்னும் சிறு ஊர்தி, நுரைக்கட்டையைச் செதுக்கி அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை ஒட்டுப்பிசினில் தோய்த்துப் போர்த்திச் செய்வது. அதன் வரைபடங்களை வாங்கிப் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே அதனைச் செய்தனர். மலேசியாவிலும் இத்துணியும் பிசினும் அறியாதவை அல்ல. மலாக்காவின் பத்து பெரெண்டாமில் இழைத்துணியையும் பிசினையும் கொண்டு வானூர்திப் பகுதிகள் உருவாக்கும் தொழிற்சாலை இயங்குகிறது. ஈகிள் 150 என்னும் இருவர் ஊர்தியும் அத்தொழிற்சாலையோடு தொடர்புடையது.

இவ்வொற்றுமையிலிருந்து தமிழர் வானூர்தி செய்தனர் என்ற முடிவுக்குத் தாவுதல் பிழை. காப்பியம் எழுந்தது ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டில். அம்மயிலை எழுப்பிய விசை யாது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ரைட் உடன்பிறந்தாருக்குச் சிறகு கிடைத்தபின்னும் எஞ்சின் வேண்டியிருந்தது. அவர்களுடைய மிதிவண்டிக் கடைப் பணியாளர் சார்லி டெய்லர் ஏறத்தாழ ஆறு வாரத்தில் அதனை உருவாக்கிக் கொடுத்த பிறகே ஊர்தி எழுந்தது. முறுக்காணி ஒன்றைத் திருப்புவதால் மட்டும் எப்பொருளும் விண்ணேறாது. ஆகவே மயிற்பொறி வரலாற்றுச் சான்றன்று, அது கற்பனை. ஆனால், கைவினைப் பட்டறையை உற்று நோக்கிய ஒருவரின் கற்பனை. அவர் காலத்துத் தச்சர் எவற்றால் ஒட்டினர், எவற்றால் தைத்தனர், எவற்றால் மெருகிட்டனர் என்பதை அறிந்த புலவரே இங்ஙனம் பாட இயலும். பறந்தது மெய்யா என்று வினவுவதைவிட, பறக்கும் பொருளையும் ஒரு தச்சனே செய்ய வேண்டும் என்று ஒரு புலவர் எண்ணியது ஏன் என்று வினவுவதே திறனாய்வுக்கு ஏற்ற வினா.

சிறிது சிறிதாகக் கற்றல்

செய்து முடித்த தச்சன் மன்னனிடம் வரும் காட்சி நுட்பமானது. இயற்கை மயில் ஒன்றையும் தான் செய்த மயிலையும் உடன் கொணர்ந்து, இவற்றுள் ஒன்றைக் கொள்க என்கிறான். தன் வேலையை இயற்கையின் அருகே நிறுத்திக் காட்டும் துணிவு அது. எந்தக் கைவினைஞனுக்கும் கடுமையான தேர்வு, தன் படைப்பை மூலத்தின் பக்கத்தில் வைப்பதே.

அடுத்து வருவது பயிற்சி. இங்குத் திருத்தக்கதேவர் காட்டும் பொறுமை, வான்செலவு பாடிய பிற புலவரிடம் காணக் கிடைக்காதது. மாடத்தையும் சோலையையும் சூழ்ந்த வெளியில், சில நாள், சிறிது சிறிதாக, பாடல் படிப்படியாக மேலெழுவதுபோல, மன்னன் அரசிக்கு மயிலைச் செலுத்தக் கற்பிக்கிறான். பொறியை வலப்புறம் திருப்பினால் மயில் பொங்கியெழுந்து மேகத்தைக் கிழித்துப் பறக்கும். இடப்புறம் திருப்பினால் கண்டவர் மருளத் தாழ்ந்து, காலைக் குவித்து நிலத்தில் அமரும். ஏறவும் இறங்கவும் அவள் கற்றாள். யாழ் மீட்டிய விரல்களே பொறியைத் திருப்பின என்னும் குறிப்பும் உண்டு. கருவுற்ற பெண்ணொருத்தி வானூர்தி பயின்ற காட்சி உலக இலக்கியத்திலேயே அரிது.

இன்றைய நடைமுறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் தம் கையால் வானூர்தி செய்தவர், அது முதலில் எழுந்தவுடன் நெடுந்தொலைவு செல்ல இயலாது. மக்கள் நெருங்கி வாழாத குறிப்பிட்ட எல்லைக்குள், பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் பறந்து, ஊர்தியின் இயல்பை அறிந்த பின்னரே அவ்வெல்லையைக் கடக்க இசைவு உண்டு. மாடமும் சோலையும் விசயைக்கு வகுக்கப்பட்ட அத்தகைய எல்லையே. அவள் எல்லையைக் கடந்தது, வேறு வழியே இல்லாத அந்த ஒரு நாளில் மட்டும்.

மலைநாட்டில் வாழ்வோர்க்கு இப்பயிற்சியின் பொருள் மேலும் தெளிவாகும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலியச் சிறகு தாங்கும் ஆற்றலும் குறையும். சிறிய எஞ்சினின் வலிமையும் தளரும். எழுவதற்கு ஓட வேண்டிய தொலைவு நீளும். பள்ளத்தாக்குகளில் காற்று மேலும் கீழுமாகத் திரும்பும். முகில் வழியை மூடிவிடும். துணிவு மட்டும் உடையவனுக்கு மலைவான் இடம் கொடாது. கற்றவனுக்கும் அது அளந்தே கொடுக்கும்.

உருகாத மெழுகு

கிரேக்கர்க்கும் இத்தகைய கதை ஒன்றுண்டு. டெடலஸ் என்னும் கைவினைஞன் இறகையும் மெழுகையும் கொண்டு சிறகு செய்து, தன் மகன் இகாரஸுடன் சிறையிலிருந்து தப்புகிறான். தந்தை சொல்லைக் கேளாமல் கதிரவனை நெருங்கிய மகனின் சிறகில் மெழுகு உருகுகிறது. அவன் கடலில் வீழ்ந்து மடிகிறான். அக்கதையும் இக்கதையும் மெழுகில் தொடங்குகின்றன, ஆனால் பிரிந்துவிடுகின்றன. கிரேக்கக் கதை, பொறியின் வலுக்குறைவையும் இளமையின் செருக்கையும் ஒருங்கே காட்டுகிறது. தமிழ்க் காப்பியத்தில் மெழுகு உருகவில்லை, நூல் அறவில்லை, செலுத்தியவளும் செருக்குறவில்லை.

கட்டியங்காரன் படை அரண்மனையைச் சூழ்கிறது. மன்னன் அரசியை மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாளேந்திப் பொருது மடிகிறான். விண்ணில் செல்லும் விசயையின் செவியில் பகைவனின் வெற்றி முரசு விழுகிறது. அவள் அறிவு மயங்குகிறாள். மயில் அவளைச் சுடுகாட்டில் கொண்டுவந்து இறக்குகிறது. அங்கேயே சீவகன் பிறக்கிறான். வான் ஏறிய அரசி வந்து சேர்ந்த இடம் விண்ணகமன்று, ஈமப்புறம். கண்ணகியின் ஊர்தி சென்ற திசையும் விசயையின் ஊர்தி சென்ற திசையும் நேர் எதிரானவை. ஆயினும் தாயும் சேயும் உயிர் பிழைத்தனர். தச்சன் ஏற்ற கடமை அவ்வளவே. அதனை அவன் பொறி குறைவின்றி நிறைவேற்றியது.

இக்காட்சியின் வழியே புலவர் மன்னனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். ஏழு நாளில் ஒரு பொறியை அமைத்தவன் தச்சன்; தலைமுறை தலைமுறையாக அமைந்திருந்த அரசைச் சிதைத்தவன் சச்சந்தன். அரசும் ஒரு பொறியே. நாள்தோறும் பார்த்து, தளர்ந்த இடத்தை முறுக்கி, தேய்ந்த இடத்தை மாற்றாவிடில் அதுவும் வீழும். சச்சந்தன் அதனை இன்னொருவன் கையில் விட்டுவிட்டு மறந்தான். மனைவிக்குப் பறக்கக் கற்பித்தபோது அவன் காட்டிய கவனத்தில் ஒரு பங்கை ஆட்சியில் காட்டியிருந்தால், அப்பொறி வேண்டியிருந்திராது. மயிற்பொறி தச்சனின் வெற்றி என்பது மெய். மன்னனின் தோல்விக்குச் சாட்சி என்பதும் மெய்.

பாடப்படாத பேணல்

எனினும் காப்பியத்திலும் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் திறனாய்வாகாது. செய்தல் பாடப்பட்டது, செலுத்தல் பாடப்பட்டது, பேணல் பாடப்படவில்லை. அரக்கும் மெழுகும் வெயிலிலும் மழையிலும் என்ன ஆகும், துணி எப்போது நைந்து போகும், முறுக்காணி எப்போது இறுகும் என்ற எண்ணமே காப்பியத்தில் எழவில்லை. தன் கையால் வானூர்தி செய்தவன் வாழ்நாளில், பறக்கும் மணியினும் பழுது பார்க்கும் மணி மிகுதி. ஒவ்வோர் ஆணியையும் அவன் தொட்டுப் பார்ப்பான். ஒவ்வொரு பழுதையும் ஏட்டில் எழுதி வைப்பான். 1953இல் பால் போபெரெஸ்னி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய சோதனை வானூர்திச் சங்கம் வளர்ந்ததற்கு ஒரு காரணம், ஒருவர் கற்றதை மற்றவர்க்கு எழுதியும் செய்துகாட்டியும் கைமாற்றியதே.

சிந்தாமணியில் அக்கைமாற்றம் நிகழவில்லை. கதைத் தலைவனான சீவகன் பிற்காலத்தில் வான்வழிச் செல்வது தந்தை செய்வித்த பொறியாலன்று. நாயுடல் நீங்கித் தேவனான சுதஞ்சணன் துணையால். மீண்டும் மந்திரம் வந்துவிடுகிறது, தச்சன் மறைந்துவிடுகிறான். அவன் பெயரைப் புலவர் சொல்லவும் இல்லை. எட்டு மனைவியர் பெயரும் தெரிந்த காப்பியத்தில், கதைத் தலைவன் உயிரோடு பிறக்கக் காரணமான கைவினைஞன் பெயரற்றவன். பொறி ஒரு தலைமுறையோடு முடிந்ததற்கும் தச்சன் பெயர் மறைந்ததற்கும் தொடர்பு உண்டு. செய்தவனை மறக்கும் சமுதாயத்தில் செய்முறையும் மறக்கப்படும்.

இது காப்பிய உலகின் குறை மட்டுமன்று. 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய கார்சிகா நாட்டவரான ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தாம் வகுத்த வடிவில் ஒரு வானூர்தி செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பின்னர்த் தீவுத்திடலில் மக்களுக்கும் காட்டினார். முந்தைய ஆண்டு லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரைத் தூண்டியது. ஊர்தியைச் செய்தது குதிரைவண்டி கட்டுவதில் பெயர்பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறை. தமிழ்நாட்டு மண்ணில் உண்மையிலேயே செய்யப்பட்டு உண்மையிலேயே எழுந்த மயிற்பொறி இதுவே. இச்செய்தியில் முன்னிற்பவை டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் என்னும் இரு பெயர்களே. மரத்தை இழைத்து, துணியை இழுத்துக் கட்டிய பட்டறைத் தொழிலாளரின் பெயர்கள் அல்ல. அமெரிக்காவிலும் சார்லி டெய்லரின் பெயர் ரைட் என்னும் பெயரின் நிழலிலேயே நெடுங்காலம் கிடந்தது.

கேமரன் மலையின் கதையும் இதற்கு அயலானதன்று. 1885இல் இம்மேட்டு நிலத்தை ஆராய்ந்த வில்லியம் கேமரன் பெயரால் மலை வழங்குகிறது. 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரசல் பெயரும் வரலாற்றில் நிற்கிறது. காட்டைத் திருத்தியவர், சரிவில் செடி நட்டவர், தொழிற்சாலையில் உருளை தேயும்போது மாற்றியவர், உலர்த்தும் அடுப்பை இரவெல்லாம் காத்தவர் ஆகியோருள் தமிழர் பலர். அவர்கள் பெயர்கள் குடும்ப நினைவுகளில் மட்டுமே உள்ளன. பெயர் சொல்லப்படாத தச்சனின் வழிவந்தோர் என்று அவர்களைக் கூறினால் அது மிகையாகாது.

மயிற்பொறியைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். முன்னோர் பறந்தனர் என்ற சொல், மாணாக்கனைப் பெருமையோடு நாற்காலியில் சாய்ந்துகொள்ளச் செய்யும். முன்னோருள் ஒரு புலவர் துணியையும் பிசினையும் நூலையும் அரக்கையும் மெழுகையும் எண்ணிப் பாடினார் என்ற உண்மை, அவனை எழுந்து அப்பொருள்களைத் தொட்டுப் பார்க்கத் தூண்டும். மூங்கில் சிம்பும் மெல்லிய தாளும் கொண்டு ஒரு சறுக்கூர்தி செய்து, பள்ளித் திடலின் மேட்டிலிருந்து விட்டுப் பார்க்கட்டும். அது முதல்முறை மூக்குக் குத்தி விழும். ஏன் விழுந்தது என்று அவன் ஆராய்ந்து, வாலைத் திருத்தி, மீண்டும் விடட்டும். அப்போது மாடமும் சோலையும் சுற்றிச் சில நாள் பயின்ற விசயை அவனுக்கு விளங்குவாள். அவன் தந்தையோ பாட்டனோ தோட்டத் தொழிற்சாலையில் பொறி பழுது பார்த்தவராயின், அவரிடமும் இரண்டு வினா கேட்கட்டும். விடைகளை அவர் பெயரோடு ஏட்டில் எழுதி வைக்கட்டும். திருத்தக்கதேவர் எழுதாமல் விட்ட பெயரை இனி எவரும் எழுத இயலாது. இப்பெயர்களை எழுதலாம்.